ஸ்ட்ராடிவாரியின் வீட்டில் எத்தனை பேர்?

வணக்கம்.

வயலின் செய்யும் மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில், இத்தாலிய வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரிக்கு இரண்டு மனைவிகள், பதினொரு பிள்ளைகள் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 350 வருடத்துக்கு முந்தைய ஒரு மரவேலைக்காரரின் பிள்ளைகளை எப்படி எண்ணினார்கள்? என் கொள்ளுத்தாத்தா தஞ்சாவூரில் வீணை செய்தவர். அவருடைய அப்பா பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள்தான் இருக்கின்றனவே, அது போதாதா? குடும்பத்தைத் துருவி என்ன ஆகப்போகிறது?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

எண்ணி வைத்தவர்கள் பாதிரியார்கள். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கிலும் (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரத்துக்குப் பங்கு என்று பெயர்) திருமணங்களை ஏட்டில் எழுத வேண்டும் என்றது. 1614இல் ரோமிலிருந்து வந்த சடங்கு நூல் ஐந்து ஏடுகள் வைக்கச் சொன்னது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. மிச்சமிருக்கும் ஏட்டுக்கு ‘ஆன்மாக்களின் நிலை’ என்று பெயர். ஈஸ்டரை ஒட்டிப் பாதிரியார் வீடு வீடாகப் போய் எழுதுவது அது. வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரி, தங்கித் தொழில் கற்கும் பையன், ஒவ்வொருவரின் வயது, பாவசங்கீர்த்தனம் செய்தாரா, நற்கருணை வாங்கினாரா என்று வரிசையாகப் போகும். பாதி ரேஷன் கார்டு, பாதி வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயலின்காரர்களைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஏடுதான் புதையல். 1641இல் ஸ்ட்ராடிவாரியின் ஊரான கிரெமோனாவில், வயலின் செய்த நிக்கோலோ அமாதியின் வீட்டுக் கணக்கில் ஆந்திரேயா குவார்னேரி என்ற பையன் இருக்கிறான். பின்னாளில் குவார்னேரி குடும்பமே வயலினுக்குப் பேர்போனது. யார் யாரிடம் தொழில் கற்றார் என்பது, ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டவர்களின் பட்டியலில் தெரிந்துவிடுகிறது.

ஆனால் ஸ்ட்ராடிவாரி அமாதி வீட்டுக் கணக்கு எதிலும் இல்லை. 1666இல் ஒரு வயலினுக்குள் ஒட்டிய சீட்டில் ‘நிக்கோலோ அமாதியின் மாணவன்’ என்று அவரே அச்சிட்டிருக்கிறார். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. 1667 முதல் 1680 வரை அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பெஸ்கரோலி ஒரு மரச்செதுக்கு வேலைக்காரர். அதனால் இவரும் முதலில் அந்த வேலையில்தான் இருந்திருப்பார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு. அவருடைய சில வயலின்களின் ஓரத்தில் ஓடும் கொடி வேலைப்பாட்டைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம்.

அவருடைய ஞானஸ்நானப் பதிவும் அகப்படவில்லை. 1737ஆம் வருடச் சீட்டு ஒன்றில் ‘வயது 93’ என்று இருக்கிறது. அதைக் கழித்துத்தான் புத்தகங்கள் 1644இல் பிறந்தார் என்கின்றன. ஆரம்பகாலப் பங்குக் கணக்குகளை நம்பினால் அவர் நாலைந்து வருடம் இளையவராகிறார். வயதானபின் வயதைக் கூட்டிச் சொல்லிக்கொள்ளும் பெருமை அங்கேயும் உண்டுபோல.

பிறந்த நாளே தெரியாதவருக்குக் கல்யாண நாள் துல்லியமாக இருக்கிறது. 4 ஜூலை 1667. மணமகள் பிரான்செஸ்கா ஃபெராபோஸ்கி, இளம் விதவை, ஏற்கெனவே பிள்ளை பெற்றவர். முதல் கணவர் காப்ரா 1664இல் கொல்லப்பட்டார். கொன்றது பிரான்செஸ்காவின் கூடப்பிறந்த அண்ணன்தம்பியில் ஒருவர். வயலின் செய்தவரைத் தேடிப்போனால் கொலை வழக்கில் கொண்டுபோய் விடுகிறது! கல்யாணம் ஆன அதே வருடம் டிசம்பரில் முதல் மகள் ஜூலியா பிறக்கிறாள். மாதங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், பாதிரியாரும் எண்ணியிருப்பார்.

1670இல் பிரான்செஸ்கோ என்று ஒரு மகன் பிறந்து சில நாளிலேயே இறக்கிறான். மறுவருடம் பிறந்தவனுக்கும் பிரான்செஸ்கோ என்றே பெயர். வம்சாவளி தேடுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள், இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிடுவார்கள். நம் பக்கம் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டிக் குப்புசாமி என்றோ, பிச்சை எடுத்து வந்ததாகப் பாவித்துப் பிச்சை என்றோ கூப்பிடுவோம். அவர்கள் போன பெயரையே திரும்ப வைத்தார்கள். அப்புறம் கத்தரீனா. 1677இல் அலெஸ்ஸாந்திரோ, இவன் பின்னால் குருவானான். ஸ்ட்ராடிவாரியின் அப்பா பெயரும் அலெஸ்ஸாந்திரோதான். பெயரன்தான் பேரன் ஆனான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1679 நவம்பரில் பிறந்தவன் ஒமோபோனோ. நவம்பர் 13 கிரெமோனாவின் காவல் புனிதர் ஒமோபோனோவின் திருநாள், அவர் துணி வியாபாரி.

பிரான்செஸ்கா 1698 மே மாதம் இறந்தார். மறுவருடம் ஆகஸ்டில் ஸ்ட்ராடிவாரி ஆன்டோனியா சாம்பெல்லியை மணந்தார். மாப்பிள்ளைக்கு ஐம்பத்தைந்து வயதுபோல. இன்னும் ஐந்து பிள்ளைகள். முதல் ஆறு, பின்னால் ஐந்து, உங்கள் பதினொன்று சரியாக வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் எதற்கு என்கிறீர்கள். 1680இல் அவர் சான் தொமேனிக்கோ கோயில் எதிரே 7000 லிரா விலை பேசி ஒரு வீடு வாங்கினார். குடும்பமும் பட்டறையும் அந்த ஒரே வீட்டில்தான். இந்தப் பங்குக் கணக்குகளைப் பார்த்துத்தான் நமக்கு இன்னொன்றும் தெரிகிறது: மூத்தவர்கள் பிரான்செஸ்கோவும் ஒமோபோனோவும் கல்யாணமே செய்துகொள்ளாமல், அறுபதை ஒட்டிய வயதுவரை அப்பாவின் வீட்டிலேயே அப்பாவின் பெஞ்சில் இருந்தார்கள். கடைசி இருபது முப்பது வருடத்து வயலின்களில் எது கிழவரின் கை, எது மகன்களின் கை என்று நிபுணர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். குடும்பத்தைத் துருவாமல் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது. சீட்டில் ஒரே பெயர்தானே இருக்கிறது.

1729இல் எழுதிய உயிலை கார்லோ கியேசா, டுவேன் ரோசன்கார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் எல்லா ஏடுகளையும்விட அதுதான் மேல். மூத்தவன் பிரான்செஸ்கோவுக்குத்தான் பெரும்பங்கு, தொழில் கருவிகளும் அவனுக்கே. ஒமோபோனோ பதினெட்டு வயதில் வேறு பிழைப்புத் தேடி நேப்பிள்ஸுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறான். அதற்கான செலவை அப்பா மறக்கவே இல்லை. முப்பது வருடம் கழித்து உயிலில் கணக்குச் சொல்கிறார். வைரம் பதித்ததுபோல் வேலை செய்கிற கைக்கு இப்படியும் ஒரு மனசு.

1737 மார்ச்சில் ஆன்டோனியா போனார், டிசம்பர் 18இல் ஸ்ட்ராடிவாரியும். 1742இல் ஒமோபோனோ, 1743இல் பிரான்செஸ்கோ. பட்டறை முடிந்தது. இரண்டாம் தாரத்து மகன் பாவோலோ துணி வியாபாரி. புனிதர் ஒமோபோனோவின் தொழில் கடைசியில் இவனுக்குத்தான் வாய்த்தது. அப்பாவின் வயலின் அச்சுகளையும் காகித வரைவுகளையும் அவன் 1775 வாக்கில், பழைய வயலின்களைச் சேகரித்த கோசியோ பிரபுவுக்கு விற்றான். இன்றைக்கு அவை கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சமாதிகூட இரவல்தான். வில்லானி என்ற குடும்பத்தின் கல்லறையை 1729இல் வாங்கிப் பெயரை மாற்றிச் செதுக்கிக்கொண்டார்கள். கல்லறை இருந்த சான் தொமேனிக்கோ கோயிலையும் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், இப்போது பூங்கா.

இனி உங்கள் கொள்ளுத்தாத்தா. பங்கு ஏடு நம்மிடம் இல்லை. ஆனால் வீடு வாங்கி விற்றிருந்தால் பத்திரம் இருக்கும். உங்கள் பூர்வீக வீட்டின் தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள், வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, நகலுக்கு மனுக் கொடுங்கள். பழைய பத்திரத்தில் இன்ன தெருவிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், மதம், ஜீவனம் எல்லாம் எழுதியிருக்கும். அந்தக் ‘குமாரர்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பவர்தான் நீங்கள் தேடும் ஆள். வீடு மனைவி வழியில் வந்ததாகவும் இருக்கலாம், அதனால் கொள்ளுப்பாட்டியின் பெயரிலும் தேடுங்கள். செக்குபந்தியை, அதாவது நாலு பக்கத்து எல்லை விவரத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். வடக்கு வீட்டுக்காரரும் வீணைக்காரராகவோ, சொந்தத் தம்பியாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வடக்கு வீட்டில் யார் இருந்தார் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.