பி.ஓ.டி. வரம்புக்குள் இருந்தும் முகத்துவாரத்தில் மீன்கள் சாவது ஏன்?

கேள்வி: எங்கள் நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் கடல். மாத அறிக்கையில் பி.ஓ.டி. (நீரில் உள்ள கரிமக் கழிவின் சுமையைக் காட்டும் அளவு) எப்போதும் வரம்புக்குள்தான். தண்ணீரும் தெளிவாகவே வருகிறது. ஆனால் கோடையில் முகத்துவாரம் பச்சையாகி, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. அறிக்கை பொய்யா? நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: அறிக்கை உண்மையாகவே இருக்கலாம். அதில் இல்லாத ஓர் எண்ணைக் கேளுங்கள்: மொத்த நைட்ரஜன்.

கரிமக் கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனைத்தான் பி.ஓ.டி. காட்டுகிறது. காற்றூட்டத் தொட்டியும் படிவுத் தொட்டியும் ஒழுங்காக ஓடினால் அதில் 85 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடும். அந்த நிலையங்கள் அதற்காகவே கட்டப்பட்டவை. ஆனால் சிறுநீரிலிருந்து வரும் நைட்ரஜனில் கொஞ்சம்தான் கசடோடு போகும். பெரும்பகுதி அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ கரைந்து வெளியேறுகிறது. கரைந்திருப்பதால் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது.

நன்னீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் பாஸ்பரஸ் கட்டுப்படுத்துகிறது. கடலோரத்தில் பெரும்பாலும் நைட்ரஜன். அதனால் ஆற்றில் பெரிதாக எதுவும் செய்யாமல் கடந்துவந்த நைட்ரஜன் முகத்துவாரத்தில் உரமாகிவிடுகிறது. கடலில் மிதக்கும் நுண்பாசியில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிராம் நைட்ரஜனில் வளர்ந்த பாசி மட்க ஏறக்குறைய 20 கிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் நைட்ரஜன் வெளியேறினால் 500 மில்லிகிராம் ஆக்சிஜன்! சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி.யே வழக்கமாக 200, 300 அளவில்தான் இருக்கும். வெளியேறும் நைட்ரஜன் முழுவதும் பாசியாகாது, கடலலை ஓரளவு கலந்து நீர்க்கச் செய்யும், சரி. ஆனால் நீரோட்டம் மந்தமான கோடை முகத்துவாரத்தில் அந்த உதவி குறைவு.

மீன்கள் விடியலில் சாவதும் இதோடு பொருந்துகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவெல்லாம் அதை உறிஞ்சுகிறது. எனவே சூரியன் உதிக்கும் முன், அடிமட்டத்துக்கு அருகில் கரைந்த ஆக்சிஜனை அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. மதியம் எடுத்த அளவு உங்களை ஏமாற்றிவிடும்.

அப்புறம், நிலையத்திடம் ஓராண்டுக்கான அம்மோனியா, நைட்ரேட், மொத்த நைட்ரஜன் அளவுகளைக் கேளுங்கள். அம்மோனியா அதிகமென்றால், அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்குக் காற்றோ, தொட்டியில் தங்கும் காலமோ போதவில்லை. இதை முதலில் சரிசெய்ய வேண்டும். அம்மோனியா மீனுக்கு நேரடி நஞ்சு. அம்மோனியா குறைந்து நைட்ரேட் அதிகமென்றால், பாதி வேலை முடிந்திருக்கிறது. காற்றூட்டத் தொட்டிக்கு முன்னால் காற்று விடாத ஒரு பகுதியை ஒதுக்கி, நைட்ரேட் நிறைந்த கலவையை அங்கே திருப்பி அனுப்பினால், பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இடம் இருந்தால், பழைய தொட்டியிலேயே தடுப்புச் சுவரும் பம்பும் வைத்து இதைச் செய்யலாம். காற்றூட்டும் மின்சாரத்திலும் ஒரு பகுதி மிச்சம். செலவைக் காட்டி மறுக்கும் அதிகாரிகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பலன் கிடைக்குமா? அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் 1970-களின் இறுதியில் நகரக் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்கத் தொடங்கினார்கள். மற்ற நைட்ரஜன் மூலங்களையும் பிறகு குறைத்தார்கள். நீர் தெளிந்தது; 2014-இல் கடற்புல் பரப்பு 40,000 ஏக்கரைத் தாண்டியது. பல பத்தாண்டு உழைப்பு அது. ஒரே கோடையில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கிருமிநீக்கத்துக்குக் குளோரின் போடுகிறார்களா, எஞ்சிய குளோரினை வெளியேற்றும் முன் நீக்குகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். மீன்குஞ்சுகள் மிகச் சிறிய அளவையும் தாங்காது. மழை நாட்களில் சுத்திகரிக்காமல் திருப்பிவிட்ட நீரின் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். மாத சராசரியில் அது பெரும்பாலும் தெரியாது.