வீட்டிலிருந்து வேலை தேடப் போய் கார்டு கடன் ஏறிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டேன், மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது தினமும் நான்கு மணி நேரம் கிடைக்கும். வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய பகுதிநேர வேலைக்கு எட்டு மாதமாக முயல்கிறேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸில் சேர்ந்தேன், பாதியில் நிற்கிறது. டேட்டா என்ட்ரி வேலைக்கு முன்பணம் கட்டினேன், வேலை வரவில்லை. நாத்தனார் செய்யும் நேரடி விற்பனையில் சேர்ந்து மாதாமாதம் பொருள் எடுக்கிறேன். லேப்டாப் வாங்கினேன். எல்லாம் கிரெடிட் கார்டில்தான், மினிமம் டியூ (மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன். இப்போது ஒரு ஏஐ கோர்ஸ் நோ காஸ்ட் இஎம்ஐயில் வருகிறது, வேலை உத்தரவாதம் என்கிறார்கள். ஓட்டல்களுக்கு ரேட்டிங் போடும் வேலை ஒன்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு நாள் பணம் போட்டார்கள், அடுத்த நிலைக்குப் போக நான் கொஞ்சம் டெபாசிட் கட்ட வேண்டுமாம். எதில் இறங்கலாம்? கார்டு பாக்கி எவ்வளவு என்று கணவருக்கு முழுதாகத் தெரியாது. சொந்தக்காரர்கள் படிப்பார்கள், தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: அந்த ரேட்டிங் வேலைக்கு டெபாசிட் கட்டாதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் அவர்களிடமிருந்து இன்னொரு செய்தி வந்தாலும் பதில் போட வேண்டாம்.

இரண்டு நாள் பணம் வந்ததுதான் இந்த மோசடியின் முக்கியமான பகுதி. முதலில் சின்னத் தொகையைக் கையில் கொடுத்து நம்ப வைப்பார்கள். பிறகு ஒரு செயலியில் உங்கள் கமிஷன் ஏறிக்கொண்டே போவதாகக் காட்டுவார்கள். அதை எடுக்க வேண்டுமானால் ‘அக்கவுண்ட் நெகட்டிவ்’, ‘அடுத்த செட்’, ‘வரி’ என்று ஏதாவது சொல்லி உங்களிடம் பணம் கேட்பார்கள். கட்டினால் அடுத்து அதைவிடப் பெரிய தொகை. நுகர்வோர் புகார்களைப் பெறும் அமெரிக்காவின் எஃப்டிசி ஆணையத்துக்கு இந்த வகை ‘டாஸ்க்’ மோசடி பற்றி 2020-இல் ஒரு புகாரும் வரவில்லை. 2023-இல் சுமார் 5,000 புகார்கள், 2024-இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000. இவ்வளவு வேகமாக இது பரவுகிறது.

உங்களுக்கு வந்த அந்தச் சின்னத் தொகையைப் பற்றியும் யோசியுங்கள். அது இன்னொருவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட பணம் வந்து போகும் கணக்குகள் முடக்கப்படுவது உண்டு. ‘இந்தக் கணக்கில் வருவதை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்’ என்று கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். இதுவரை வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வங்கியிடமும் காவல்துறையின் சைபர் பிரிவிடமும் நீங்களே முந்திச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த வேலை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எட்டு மாதத்தைப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோர்ஸ், முன்பணம், நாத்தனாரின் பொருட்கள், இப்போது டெபாசிட், அடுத்து இன்னொரு கோர்ஸ். ஒவ்வொன்றிலும் வேலை கிடைப்பதற்கு முன்பே நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள் அல்லது கட்டப் பார்க்கிறீர்கள், அதையும் கடனில். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். அவர் உங்களிடம் வாங்குகிறார் என்றால் அங்கே நீங்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான். லேப்டாப்பை மட்டும் விட்டுவிடுகிறேன், அது எந்த வேலைக்கும் வேண்டியிருக்கும்.

தொகைகளை மறைக்கச் சொன்னதால் உங்கள் கணவரின் மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாமே தோராயக் கணக்கு. கோர்ஸுக்கு 70, லேப்டாப்புக்கு 35, டேட்டா என்ட்ரி முன்பணம் 6, நாத்தனாரிடம் மாதம் 4 வீதம் எட்டு மாதத்துக்கு 32. ஆக 143 பங்கு. இதுவரை கார்டுக்கு நீங்கள் கட்டியது சுமார் 50. அப்படியானால் 93 பாக்கி இருக்க வேண்டும், ஆனால் ஸ்டேட்மென்டில் 120 நிற்கிறது. இடையில் இருக்கும் 27 வட்டி. உங்கள் கணவர் ஒரு வாரத்துக்கு மேல் உழைத்துச் சம்பாதிக்கும் பணம் அது.

இனி வரப்போகும் மாதத்தைப் பாருங்கள். 120-க்கு மாதம் 3 சதவீதம் வட்டி என்றால் 3.6. நீங்கள் கட்டும் மினிமம் டியூ 6. அதில் அசலுக்குப் போவது 2.4 மட்டுமே. அதே மாதம் நாத்தனாரின் பொருளுக்காகக் கார்டில் ஏறுவது 4. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியும் கடன் மாதம் 1.6 பங்கு வளர்கிறது. மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாறும் கெடாது. கடன் அடைவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. இது ஆறு வருடம் கணக்குப் பார்த்த உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பயத்தில் ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குடும்பச் செலவு 88 போக 12 மிஞ்சுகிறது. அதில் 6 கார்டுக்கு, 6 வங்கியில் சேமிப்பாக. 42 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அதில் ஒரு சின்னப் பகுதியை வட்டியாகத் தரும் சேமிப்பில் போடுவது நஷ்டம். இதுவரை சேர்ந்ததை அவசரத்துக்கென்று அப்படியே விடுங்கள். இனி மாதம் 10 பங்கு கார்டுக்குப் போகட்டும். கார்டில் புதிதாக ஒரு பைசாகூட ஏறக் கூடாது. இப்படிச் செய்தால் 120 பங்கும் பதினைந்து, பதினாறு மாதத்தில் தீர்ந்துவிடும்.

அந்தப் 10 நெருக்குகிறது என்றால் வங்கியில் தனிநபர் கடன் வாங்கிக் கார்டை ஒரேயடியாக அடைக்கலாம். வருடத்துக்கு 15 சதவீதம் என்று வைத்தால் 18 மாதத் தவணை சுமார் 7.5 பங்கு, மொத்த வட்டி 15. உங்களுக்குக் கிடைக்கும் விகிதம் கூடலாம் குறையலாம், கார்டைவிட மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே எடுங்கள். ஒரு எச்சரிக்கை. கார்டைக் கடனால் அடைத்துவிட்டு, காலியான கார்டில் மறுபடி வாங்கத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். அப்போது இரண்டு கடன் ஆகிவிடும். அடைத்த அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வழியிலும் நீங்கள் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமலே கடன் அடைகிறது என்பதைக் கவனியுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ‘இந்த மாதமே ஏதாவது வந்தாக வேண்டும்’ என்ற அவசரம்தான் உங்களை முன்பணம் கேட்பவர்களிடம் கொண்டுபோய் விட்டது. அந்த அவசரம் போய்விட்டால் மூன்று, நான்கு மாதம் பொறுமையாகத் தேடலாம். நல்ல வேலைக்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

நாத்தனார் விஷயம். எட்டு மாதத்தில் 32 பங்குக்குப் பொருள் எடுத்து, விற்றதும் கமிஷனும் சேர்த்து 11 வந்திருக்கிறது. மிச்சம் அலமாரியில் இருக்கிறது. உங்களுக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பேரும் உங்களைப் போலவே கடனில் வாங்கி அலமாரியில் வைப்பார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் மாத இலக்கு வைத்து நெருக்கிக்கொண்டிருப்பார். இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். சொல்வது உங்கள் கணவராக இருக்கட்டும், அவருடைய அக்காதானே. ‘கார்டு கடன் முடியும்வரை புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம் அக்கா’ என்பது போதும். பொருள் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போக வேண்டாம், அதில் இறங்கினால் இன்னும் ஒரு மாதம் வாங்க வேண்டிவரும். விற்காத பொருளைத் திருப்பி எடுக்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் என்று படித்துப் பாருங்கள். சமீபத்தில் எடுத்ததையாவது திருப்பித் தர முடியலாம்.

ஏஐ கோர்ஸ் வேண்டாம். நீங்கள் சொன்ன கட்டணம் 40 பங்கு, பாதியில் நிற்கும் பழைய கோர்ஸே 70. நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் பெரும்பாலும் மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது, செயலாக்கக் கட்டணம் தனியாக வரும். இதைவிடப் பெரிய விஷயம், கடன் தருவது கோர்ஸ் நடத்துபவர் இல்லை, தனியாக ஒரு நிதி நிறுவனம். வகுப்பு பிடிக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை, நடத்துபவர் கடையை மூடிவிட்டார், எது நடந்தாலும் தவணை நிற்காது. வேலை உத்தரவாதம் என்பதன் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். இத்தனை சதவீத வருகை, இத்தனை நேர்காணல், எந்த ஊரிலும் எந்த ஷிப்டிலும் சேரச் சம்மதம் என்று இருக்கும். குழந்தைகளோடு வீட்டில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே போதும், உத்தரவாதம் செல்லாமல் போக.

இப்போது வேலை. நீங்கள் தேடுவதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வீட்டிலிருந்து செய்வது ஒன்று, நமக்குத் தோதான நேரத்தில் செய்வது இன்னொன்று. வாடிக்கையாளர் சேவை அழைப்புகளை எடுப்பது வீட்டில் செய்யலாம், ஆனால் ஷிப்ட் நேரம் கறாரானது, பின்னணியில் குழந்தை அழக் கூடாது. உங்களுக்கு வேண்டியது கடிகாரத்துக்குக் கட்டுப்படாமல் தேதிக்குக் கட்டுப்படும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் சரி, காலை பத்துக்குச் செய்தாயா இரவு பத்துக்குச் செய்தாயா என்று யாரும் கேட்காத வேலை. நீங்கள் ஆறு வருடம் பார்த்த கணக்கு வேலை அப்படிப்பட்டதுதான்! பில் பதிவு, வங்கி ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்ப்பது, சம்பளப் பட்டியல், வரவேண்டிய பாக்கிக்கு நினைவூட்டல். முழுநேரக் கணக்காளர் வைக்க முடியாத சிறு நிறுவனங்களுக்கு வாரம் ஐந்து மணி நேரம் இதைச் செய்ய ஆள் வேண்டும். இதை விட்டுவிட்டு ஏன் முன்பின் தெரியாத மார்க்கெட்டிங்குக்குப் போனீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான்கு மணி நேரம் என்கிறீர்கள். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள், தடையில்லாமல் உட்கார்ந்த நேரம் அதில் பாதிதான் இருக்கும். வாரம் 12 மணி என்று வைக்கிறேன், மாதம் 48. நீங்கள் வேலையை விட்டபோது வாங்கிய சம்பளம் இதே அளவில் 60 பங்கு, மாதம் 200 மணி நேரத்துக்கு. மணிக்கு 0.3. அப்படியானால் பகுதிநேரத்தில் எதிர்பார்க்கக்கூடியது மாதம் 14 பங்கு. இதைவிடப் பல மடங்கு தருகிறேன், அனுபவம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் உங்கள் மனதில் சந்தேகம் வர வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் தளங்களில் பதிந்து வைப்பதில் தவறில்லை, ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டாம். ஃபைவர் தளம் விற்பவர் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, 14 அப்போது 11 ஆகிவிடும். சின்னச் சின்ன வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் தளங்களில் நிலைமை இன்னும் மோசம். அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வு, அவர்களின் நடு வருமானம் (பாதிப் பேர் இதற்கும் கீழே) மணிக்குச் சுமார் 2 டாலர் என்று கணக்கிட்டது. வேலை தேடும் நேரம், நிராகரிக்கப்பட்ட வேலைக்குச் செலவான நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் அவ்வளவுதான் நிற்கிறது. யாரும் கூலி தராத நேரத்தையும் நீங்கள் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

முதல் வேலை தெரிந்தவர் மூலம் வரட்டும். பழைய அலுவலகத்தில் உங்கள் மேலாளர், அங்கு வந்துபோன ஆடிட்டர், அப்போது நீங்கள் பில் வாங்கிப் பணம் கொடுத்த சப்ளையர்கள், வேறு நிறுவனங்களுக்குப் போன சக ஊழியர்கள். ஆளுக்கு ஒரு சின்னச் செய்தி, பொதுவாக ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று இல்லாமல். ‘வாரம் 12 மணி நேரம் கணக்கு எழுதித் தருகிறேன், பில் பதிவும் வங்கி ஒப்பீடும் என்னால் முழுதாகச் செய்ய முடியும், வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடித்து அனுப்புவேன்’ என்று எழுதுங்கள். மூன்று வருடத்தில் மென்பொருள் மாறியிருக்கும், தயாரித்த நிறுவனங்களே இலவசப் பயிற்சி வீடியோக்கள் வைத்திருக்கின்றன, சில வாரம் பழகினால் போதும். கோர்ஸ் வேண்டாம்.

முதல் வாடிக்கையாளரிடம் கூச்சப்படாமல் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: என்னென்ன வேலை, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் பணம். மாதக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை குவியும், அதனால் முதல் மூன்று மாதம் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருகிற பணம் வீட்டுச் செலவில் கரையாமல் நேராகக் கார்டுக்குப் போகட்டும். மாதம் 10-ஓடு இன்னும் 7 சேர்ந்தாலே பதினைந்து மாதம் எட்டு, ஒன்பது மாதமாகச் சுருங்கும்.

கணவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தனிநபர் கடன் என்றால் அவருடைய சம்பளத்தை வைத்துத்தான் வங்கி பார்க்கும், அக்காவிடம் பேச வேண்டியவரும் அவர்தான். கடந்த எட்டு மாத ஸ்டேட்மென்டையும் அச்செடுத்து, மேலே உள்ள கணக்கை உங்கள் உண்மையான தொகைகளில் ஒரு தாளில் எழுதி, அடைக்கும் வழியோடு சேர்த்துக் காட்டுங்கள். வேலை தேடித்தான் இந்தப் பணத்தைச் செலவழித்தீர்கள், அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.