நாத்தனார் கல்யாணத்துக்கும் பிள்ளையின் காதுக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் கேள்வி (சுருக்கப்பட்டது):

அம்மா, என் மகனுக்கு அடுத்த மாதம் 2 வயது முடிகிறது. 16 மாதத்தில்தான் நடந்தான். இன்னும் ஓடும்போது விழுகிறான், படியேற என் கையைப் பிடிக்கிறான். என் ஓரகத்தி மகள் அவனைவிட இரண்டு மாதம் சின்னவள். அவள் 10 மாதத்திலேயே நடந்துவிட்டாள், இப்போது "தாத்தா வா", "பால் வேணும்" என்றெல்லாம் பேசுகிறாள். இவன் "ம்மா", "ப்பா" தவிர எதுவும் சொல்வதில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். கூப்பிட்டால் மனசு இருந்தால் திரும்புவான், இல்லாவிட்டால் இல்லை. ரொம்பப் பிடிவாதம். நான் கட்டியிருப்பது அத்தை மகனைத்தான். ஒன்றரை வயது ஊசி போடப் போனபோது டாக்டர், "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு, காது டெஸ்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நாத்தனாருக்கு வரன் பார்ப்பதால் அதெல்லாம் இப்போது வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான். அத்தை தினமும் நாக்கில் வசம்பு உரசித் தடவுகிறார். என் கணவரும் மூன்று வயதில்தான் பேசினாராம். என் மகனின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா? என்ன கொடுத்தால் நடை உறுதியாகும், பேச்சு வரும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்:

மகளே, உன் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் நடை. ஓரகத்தி மகள் எந்த மாதம் என்ன செய்தாள் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய்; பெற்றவளுக்கே அவ்வளவு ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். டாக்டர் கொடுத்த சீட்டுக்கு மட்டும் இரண்டே வரி. அதுவும் போகிற போக்கில், அடுத்த வீட்டுச் சமாச்சாரம் மாதிரி.

"பயப்படாதே, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எழுத மாட்டேன். அதைச் சொல்ல உன் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அதைக் கேட்டுக்கேட்டுத்தான் ஐந்து மாதம் போயிருக்கிறது.

முதலில் நடையை முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்குவது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். 10 மாதமும் அதற்குள்தான், 16 மாதமும் அதற்குள்தான். 2 வயதுப் பிள்ளை படியேறக் கையைப் பிடிப்பதும் வழக்கம்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள். உடம்பு தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளும் உறுப்பு இருப்பதும் உள்காதில்தான். பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளில் சிலர் தாமதமாக நடப்பதற்கும் அடிக்கடி விழுவதற்கும் அதுதான் காரணம். உன் மகனுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. விழுகிறான் என்பதை டாக்டரிடம் சொல், என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன்.

பேச்சு வராத குழந்தை என்று கூட்டிப் போனால் நல்ல டாக்டர் முதலில் பார்ப்பது காதைத்தான். காதில் விழாதது வாயில் வராது. உன் டாக்டர் அதைச் சரியாகச் செய்திருக்கிறார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டது ஊர்வம்புக்கு இல்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளுக்குப் பரம்பரையாக வரும் காதுக் குறைபாட்டுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் காது நன்றாகக் கேட்டாலும் குழந்தைக்கு வரலாம். நீ கட்டியிருப்பது அத்தை மகனை. அவர் கேட்டார், நீ பதில் சொன்னாய், அவர் எழுதினார்.

அப்புறம் அந்தத் தட்டு. எவர்சில்வர் தட்டைப் பின்னால் நின்று தட்டினால் திரும்பாத பிள்ளை யார்? அந்தச் சத்தத்துக்கு, கேட்கும் திறன் பாதி குறைந்த குழந்தையும் திரும்பும். எதுவுமே கேட்காத குழந்தைகூட தரை அதிர்வதையும் நிழல் ஆடுவதையும் வைத்துத் திரும்பிவிடும். பேச்சு கேட்பது வேறு சங்கதி. காதில் சத்தம் விழலாம், ஆனால் ச, த, க போன்ற எழுத்துகளின் மெல்லிய ஒலி விழாமல் போகலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் எல்லாரும் பேசுவது பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பது போலத்தான் இருக்கும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

உன் மகன் சொல்கிற இரண்டு சொல்லையும் எடுத்துக்கொள். "ம்மா", "ப்பா". இரண்டும் உதடு ஒட்டிப் பிரிகிற ஒலிகள். கண்ணால் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். நாக்கு உள்ளே புரள்கிற ஒரு சொல்கூட நீ எழுதியதில் இல்லை. இதை வைத்து நான் எதையும் முடிவு கட்டவில்லை, ஆனால் கவனிக்காமல் விட முடியவில்லை. "மனசு இருந்தால் திரும்புவான்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தது யார்? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்புகிறானா, முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போதும் திரும்புகிறானா என்று பார்த்தாயா? பார்த்திருந்தால் எழுதியிருப்பாய். இல்லாத குணத்தைச் சொல்லி 2 வயதுப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்களோ என்றுதான் எனக்குக் கவலை.

வசம்பைப் பற்றி ஒரே வார்த்தை. நாக்கில் தடவினால் காது திறக்காது. "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பதற்கும் ஒரு வார்த்தை. அவர் காதை அப்போது யாராவது டெஸ்ட் செய்தார்களா? இல்லையென்றால் அது ஆறுதல் இல்லை, டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல்.

இனி உன் அத்தை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நான் அலுக்கும் அளவுக்குப் பார்த்துவிட்ட விஷயம் இது. வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் போதும், வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். கடன் வெளியே தெரியக்கூடாது, வியாதி தெரியக்கூடாது, பிள்ளைக்கு டெஸ்ட் என்று தெரிந்தால் "அந்த வீட்டு ரத்தத்திலேயே குறை" என்பார்கள். உன் அத்தை பயப்படுவது இதற்குத்தான். கெட்ட எண்ணம் இல்லை, பெண்ணைப் பெற்ற பயம். புரிகிறது. ஆனால் வரன் எப்போது அமையும்? அடுத்த தையிலா, அதற்கடுத்த தையிலா? அமைந்த பிறகு, "கல்யாணம் முடியட்டும்" என்பார்கள். முடிந்த பிறகு, "புதுச் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால்" என்பார்கள். உன் மகன் காது எந்த முகூர்த்தம் வரை காத்திருக்கும்?

பிறந்து 1 மாதத்துக்குள் காது டெஸ்ட், 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை. காது மருத்துவத்தில் இருக்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. உன் மகனுக்கு 23 மாதம். ஒலியைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழகுவது முதல் மூன்று, மூன்றரை வருஷத்தில்தான் வேகமாக நடக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த மிஷின் வைத்தாலும் பலன் குறைந்துகொண்டே போகும். நாத்தனாரின் ஜாதகத்தை இன்னும் பத்து இடத்தில் காட்டலாம். இந்த வயது போனால் வராது.

அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? அண்ணன் மகனின் காதை ஒளித்துவைத்துத்தான் எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று அவள் சொன்னாளா? அவள் பெயரைச் சொல்லி அவளுக்கே தெரியாமல் நடக்கிற காரியம் இது என்பது என் ஊகம். முதலில் அவளிடம் போய்ப் பேசு. அனேகமாக டெஸ்டுக்கு உன்கூட வரப்போவதே அவள்தான். இன்னொன்று. அவளுக்கும் சொந்தத்தில்தான் பார்க்கிறார்கள் என்றால், இந்த ரிசல்ட் அவளுக்கும் தெரிய வேண்டியது. மறைத்துக் கட்டிக்கொடுத்து, பிறகு அந்த வீட்டுக்குத் தெரிந்தால் நொறுங்கப்போவது அவள் வாழ்க்கைதான்.

அத்தையை எதிர்த்துக்கொள், தனிக்குடித்தனம் போ என்று சொல்கிற ஆள் நானில்லை. உன் அப்பாவோடு பிறந்தவர், உன்னைத் தூக்கி வளர்த்திருப்பார். பெரியவர்களை மதிக்க வேண்டும், கூட்டுக் குடும்பம் நல்லது என்று இன்னமும் நம்புகிறவள் நான். ஆனால் அந்த மரியாதை எதிலெல்லாம் செல்லும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. என்ன சமைப்பது, எந்தக் கோயிலுக்கு முதல் மொட்டை, தீபாவளிக்கு யாருக்கு என்ன புடவை என்பதெல்லாம் அத்தை சொல்லட்டும், தலையாட்டு. டாக்டர் எழுதிய சீட்டை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. உனக்கும் இல்லை. உன் கணவரைப் பற்றி நீ எழுதியது, மூன்று வயதில் பேசினார் என்பது மட்டும்தான். இப்போது என்ன பேசுகிறார்? அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர் அவர். அதைச் செய்யாமல் உன்னை நடுவில் நிறுத்தியிருந்தால், அதற்கு அம்மா மேல் பாசம் என்று பெயர் சொல்லக்கூடாது, பயந்தாங்கொள்ளித்தனம். அவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடு.

அனுமதி கேட்காதே, சொல்லிவிட்டுப் போ. "அத்தை, புதன்கிழமை பிள்ளையைக் காதுக்குக் காட்டக் கூட்டிப் போறேன், நீங்களும் வாங்க." இவ்வளவு போதும். கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. பேரன் தலையில் ஒயர் ஒட்டித் தூங்குவதைக் கண்ணால் பார்க்கிற பாட்டி, பிறகு ஊர் வாயைப் பற்றி இவ்வளவு யோசிக்க மாட்டார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் காது மூக்கு தொண்டைப் பிரிவைக் கேள். அங்கேயே டி.இ.ஐ.சி. என்கிற மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்றும் கேள். 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வந்தவை அந்த மையங்கள். குழந்தை டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் என்று எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டவை. நடையைப் பற்றிய உன் மூன்று பக்கத்தையும் அங்கே கேட்பார்கள். செலவு இல்லை.

டெஸ்ட் இரண்டு விதம். ஓ.ஏ.இ. என்பது காதில் மிருதுவான சின்ன முனையை வைத்துச் சில நிமிஷத்தில் முடிப்பது. பெரா என்பது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலிக்கு மூளைவரை பதில் போகிறதா என்று பார்ப்பது. ஊசி கிடையாது, வலி கிடையாது. ஆனால் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். சளி இருந்தால் சொல்லிவிடு. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலும் மந்தமாகத்தான் கேட்கும், அதைத் தனியாகப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், இல்லையென்றால் சின்ன ஆபரேஷனில் சரிசெய்யக் கூடியது.

குறை இருப்பது உறுதியானால் ஹியரிங் எய்டில் தொடங்குவார்கள். அது போதாத குழந்தைகளுக்கு, 6 வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்கிறார்கள். 6 வயது வரை இடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதே, மூளையின் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். பரம்பரைக் காரணம் என்று தெரிந்தால், அடுத்த குழந்தைக்கு முன்னால் ஒரு மரபணு ஆலோசனையும் கேட்டுக்கொள்.

காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தால் லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதே. 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும், விரலை நீட்டிச் சுட்டிக்காட்ட வேண்டும். உன் மகன் விரல் நீட்டுவதாக நீ எழுதவில்லை, கையைப் பிடித்து இழுப்பதாகத்தான் எழுதியிருக்கிறாய். அதையும் அதே மையத்தில் சொல்லி, முழுதாகப் பார்க்கச் சொல். வீட்டில் போன் காட்டிச் சோறு ஊட்டுகிற வழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதே.

பெராவுக்கு நாள் கொடுத்தால் முந்தின இரவு பிள்ளையைக் கொஞ்சம் தாமதமாகத் தூங்க வை, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடு. பஸ்ஸில் மட்டும் தூங்கவிடாதே. மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்க அத்தைக்குக் கை பரபரக்கும், முன்கூட்டியே சொல்லிவை.