அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்கச் சொல்லலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறேன். 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். அரசு மருத்துவமனையில் காட்டுகிறோம். டாக்டர் எல்லாவற்றையும் அம்மாவிடம்தான் கேட்கிறார், என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. போன தடவை வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது நர்ஸ் அக்கா, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்று சத்தமாகக் கேட்டார். அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு முறை நான் போகவில்லை. அம்மாதான் போய் மருந்து வாங்கி வந்தார். இதை யாரிடமாவது சொல்லலாமா? சொன்னால் கோபப்படுவார்களா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன் ஒன்று: இன்சுலினை விடாமல் போடுகிறீர்கள்தானே? என்ன கோபம், என்ன வெட்கம் இருந்தாலும் அதை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். சர்க்கரை அளவு எழுதிய நோட்டைத் தவறாமல் கொண்டு வருவான். 130, 142, 138 என்று அழகான எண்கள். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் மட்டும் 11, அது மிக அதிகம். ஒருநாள் நோட்டை உற்றுப் பார்த்தேன். மூன்று மாதக் கணக்கும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. விரலில் குத்திப் பார்த்து எழுதும் பிள்ளைகளின் நோட்டில் அங்கங்கே பழுப்பாக ரத்தப் புள்ளி காய்ந்திருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "300ன்னு எழுதினா நீங்க என்னைப் பார்க்க மாட்டீங்க சார், அப்பாவைப் பார்ப்பீங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவர் திட்டிக்கிட்டே வருவார்" என்றான்.

அவன் சொன்னது என்மேல் புகார்தான். ஆனால் அன்று எனக்குக் கிடைத்த மிக முக்கியமான மருத்துவத் தகவலும் அதுவே. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பொய் எண்களைப் பார்த்து நான் டோஸ் எழுதிக்கொண்டே இருந்திருப்பேன். அதிலிருந்து, வளரிளம் பிள்ளைகள் வந்தால் முதலில் அவர்களிடம் தனியாகப் பேசுகிறேன். பெண் பிள்ளை என்றால் நர்ஸ் உடனிருப்பார். பெற்றோரைப் பிறகு அழைப்பேன்.

இது டாக்டர்கள் மனம் வைத்துச் செய்கிற சலுகை இல்லை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை 12ஆவது பிரிவில் தருகிறது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவ சேவைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த எட்டுத் தரநிலைகளில், அவர்களின் பங்கேற்பும் ஒன்று.

நர்ஸ் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. கேள்வி சரியானது. பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். கேட்ட இடமும் கேட்ட விதமும்தான் தவறு. நீங்கள் சொல்லும்போதும் இதைப் பிரித்துச் சொல்லுங்கள். "அவங்க மோசம்" என்றால் சண்டையாகிவிடும். "இந்தத் தேதியில், ஓபி வரிசையில், எல்லார் முன்னாலும் கேட்டாங்க. அடுத்த தடவை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்க" என்றால், என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் புரியும்.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். டாக்டரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில், "சார், ஊசி போடுறது நான்தான். என்னிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்க" என்று எழுதி நோட்டுக்குள் வைத்துக் கொடுங்கள். கூட்ட நேரத்தில் நிமிர்ந்து பார்க்காத டாக்டரும் நோட்டைப் பார்ப்பார்.

அதில் மாற்றம் இல்லை என்றால் ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) அல்லது மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் அரசு மருத்துவமனை பற்றிய புகாரைச் சொல்லலாம். பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் பேச்சை மருத்துவமனைக்குள்ளேயே, மெதுவாகத் தொடங்கச் சொல்கிறேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. மத்திய அரசு 2016இல் தொடங்கிய 'மேரா அஸ்பத்தால்' திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், சிகிச்சை திருப்தியாக இருந்ததா என்று நோயாளியின் செல்போனிலேயே கேட்பார்கள். ஓபி சீட்டில் அப்பாவின் எண் இருந்தால் பதிலும் அப்பாவுடையதாகத்தான் இருக்கும். உங்களுக்கென்று போன் இருந்தால் அந்த எண்ணைப் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் அப்படிச் செய்தி வரும்போது உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்தப் படிகள் பொருந்தாது. சிகிச்சை என்ற பெயரில் யாராவது தவறாகத் தொட்டாலோ பேசினாலோ சீட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அம்மாவிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 போக்சோ சட்டம் இருக்கிறது.

அடுத்த ஓபி நாளுக்கு நீங்களே போங்கள். எச்பிஏ1சி பார்த்து மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். நோட்டில் 300 இருந்தால் 300 என்றே இருக்கட்டும். பக்கத்தில் பீரியட்ஸ் தேதியையும் குறித்து வையுங்கள்.