பாம்பின் மூச்சில் சத்தம் கேட்டால்

கேள்வி: என் மகன் மூன்று வருடங்களாக ஒரு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு வளர்க்கிறான். முறைப்படி பதிவு செய்த பாம்புதான். ஏழு வாரமாக அது எலியைத் தொடவில்லை. அக்டோபரில் 1,450 கிராம் இருந்தது, இப்போது 1,240 கிராம். பத்து நாளாக அருகில் போனால் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. அவ்வப்போது தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. ‘பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், பயப்படாதே’ என்கிறார் என் கணவர். வாங்கிய கடையில் கேட்டதற்கு, தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லி ஓர் ஆன்டிபயாட்டிக் பவுடர் கொடுத்தார்கள். பெட்டி மகனின் அறையில் ஏ.சி.க்கு நேர் கீழே இருக்கிறது. வீட்டில் நான்கு வயது மகளும் இருக்கிறாள். மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போகத்தான் வேண்டும், முடிந்தால் நாளைக்கே போய்விடுங்கள். உங்கள் கணவர் சொன்னதில் தவறில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்த இந்த மலைப்பாம்பு, குறிப்பாக வளர்ந்த ஆண், இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கும். எடை குறையாமல், மூச்சு சீராக, கண் தெளிவாக இருக்கும்வரை அந்தப் பட்டினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பாம்பு 210 கிராம் இழந்திருக்கிறது, அதாவது தன் உடம்பில் ஏழில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு. அதோடு நீங்கள் எழுதியிருக்கும் சத்தமும், அண்ணாந்த தலையும் சேரும்போது, இது சுவாசத் தொற்று என்றே முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று சொன்னால் அவசரம் புரியும். பாம்பின் வாயைத் திறந்து பார்த்தால், கீழ்த்தாடையில், நாக்கு நுழைந்து வெளிவரும் உறைக்குச் சற்று மேலே, ஒரு சிறிய பிளவாக மூச்சுக்குழலின் வாய் திறந்து மூடுவதைக் காணலாம். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் பாம்புக்குக் கிடையாது. ஆகவே நாம் இருமித் தள்ளுவதைப்போல அதனால் சளியைத் தள்ள முடியாது. தேங்கிய சளியினூடே காற்று போய்வரும்போது அந்த ‘டிக்’ சத்தம் எழுகிறது. மூச்சுப் பாதையைச் சற்றாவது நேராக்கிக்கொள்ளத்தான் அது தலையை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. இன்றிரவு ஏ.சி., மின்விசிறி இரண்டையும் நிறுத்திவிட்டு, பெட்டியின் அருகே ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். சட்டை உரிக்கும் நாட்களில் மூக்குத் துளையைச் சுற்றிய தோல் தளர்ந்து, மெல்லிய விசில்போல ஓர் ஒலி வருவதுண்டு. உரித்ததும் அது நின்றுவிடும். கண் பால்நிறமாக மங்காமல், சட்டை உரிக்கும் அறிகுறியும் இல்லாமல், பத்து நாளாகத் தொடரும் சத்தம் அந்த வகையல்ல. உதட்டோரத்தில் நுரையோ நூல்போன்ற எச்சிலோ தெரிந்தாலும், வாயைத் திறந்து வைத்து மூச்சுவிட்டாலும் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வரையும் இருக்க வேண்டும். இரவெல்லாம் ஏ.சி. காற்று நேராக விழும் இடத்தில் இந்த வெப்பம் நிற்காது. காற்றின் ஈரமும் வற்றிவிடும். குளிர்ந்த பாம்பின் நோய் எதிர்ப்பாற்றல் சோர்ந்துவிடுகிறது, ஏனெனில் அதன் உடலுக்குள் நடக்கும் எல்லாமே வெளியிலிருந்து பெறும் வெப்பத்தை நம்பித்தான் நடக்கின்றன. கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டையை நம்பாதீர்கள். பாம்பு படுக்கும் தரையில் உணர்முனையை வைத்து அளக்கும் டிஜிட்டல் கருவி வேண்டும். அடியில் வைக்கும் ஹீட் பேடுக்கு, வெப்பம் மிஞ்சாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம் தேவை. அது இல்லாத பேடின்மேல் பாம்பு விலகாமல் கிடந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றே பெட்டியை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள், வெப்பமான பக்கத்தை 32 டிகிரியில் நிறுத்துங்கள், தண்ணீர் வையுங்கள், இரை வைக்காதீர்கள், பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு சாம்பிராணிப் புகையோ தைல ஆவியோ காட்டச் சொன்னால், தயவுசெய்து செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே திணறும் நுரையீரலை அது மேலும் எரிக்கும். கடைக்காரர் தந்த பவுடரையும் ஒதுக்கி வையுங்கள். பால் பைத்தான் எப்போது குடிக்கும், எவ்வளவு குடிக்கும் என்று யாராலும் அளக்க முடியாது. அளவு தெரியாமல் உள்ளே போகும் ஆன்டிபயாட்டிக் நோயைக் குணமாக்குவதைவிட, கிருமியை அந்த மருந்துக்குப் பழக்கப்படுத்திவிடும் வாய்ப்பே அதிகம். மேலும் இந்த வகைப் பாம்புகளுக்குக் கடுமையான சுவாச நோயைத் தரும் நிடோ வைரஸ் ஒன்று 2014-இல் கண்டறியப்பட்டது; வைரஸுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் பயன்படாது. எது காரணம் என்று பரிசோதித்துத்தான் அறிய வேண்டும்.

நாய், பூனைகளைத் திறமையாகப் பார்க்கும் மருத்துவர் எல்லோருக்கும் பாம்பு பழக்கமாக இருக்காது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களும் தயங்காமல் கேளுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், ஊர்வனவற்றைப் பார்ப்பவர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார் என்று தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். தலையணை உறையில் பாம்பை விட்டு, உறையின் வாயை முடிந்து, காற்றுத்துளை உள்ள பெட்டிக்குள் அந்த உறையை வைத்துக் கொண்டுபோகலாம், காரில் ஏ.சி. காற்று பெட்டிமேல் விழக் கூடாது, வெயிலில் நிறுத்திய காரில் ஒரு நிமிடமும் விட்டுவைக்கக் கூடாது. எடைக் குறிப்பு, கடைசியாக இரை உண்ட தேதி, புதிய எச்சம் இருந்தால் அதில் சிறிது, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்த வீடியோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனை மேசைமேல் பாம்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்துவிடும் என்பதால் அந்த வீடியோ மிகவும் உதவும். பதிவுச் சான்றின் நகலும் உடன் இருக்கட்டும்.

எக்ஸ்ரே எடுக்கலாம், மூச்சுக்குழலிலிருந்து சளி மாதிரி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். ஊசி போட்டால் உடலின் முன்பாதியில்தான் போடுவார்கள். பின்பாதி இரத்தம் சிறுநீரகம் வழியே திரும்புவதால், மருந்து அங்கேயே வெளியேறிவிடாமல் இருக்க இந்த முறை. சில மருந்துகளை மூன்று நாளைக்கு ஒரு முறைதான் போட வேண்டியிருக்கும், சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். சத்தம் நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர் வாயையும் பார்க்கட்டும். ஈறில் சிவப்புப் புள்ளிகளோ, தயிர்க்கட்டிபோன்ற மஞ்சள் படிவோ இருந்தால் அது வாய்ப்புண்; ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப்போல நீராக இராமல் கட்டியாகவே இருக்கும். தண்ணீர்த் தொட்டியிலேயே பாம்பு ஊறிக் கிடந்தால் வெள்ளைத் தாளால் உடம்பைத் துடைத்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் ஒட்டி நகர்ந்தால் அவை உண்ணிகள். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை அதன்மேல் அடிக்கக் கூடாது. கண்மேல் பழைய சட்டை ஒட்டிக்கொண்டால் இடுக்கியால் பிய்க்கவும் கூடாது, பார்வையே போய்விடும்.

உங்கள் சிறுமகளைப் பற்றி ஒரு வார்த்தை. நலமாகத் தெரியும் பாம்பின் எச்சத்திலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது கடுமையாகத் தாக்கும். அவள் பாம்பையும் பெட்டியையும் தொட வேண்டாம். தண்ணீர்த் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல், வெளியில் தனி வாளி வைத்துக் கழுவுங்கள். மகன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும். சிகிச்சை முடிந்து, எடை இறங்காமல் நின்றபிறகு, மருத்துவர் சரி என்றால், வழக்கமாகக் கொடுப்பதைவிடச் சிறிய எலி ஒன்றை வைத்துப் பாருங்கள்.