ராத்திரி இரண்டு மணிக்கு நிப்பிள் தேடுகிறவர்களுக்கு

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 மாதம் முடிந்திருக்கிறது. மூன்றாம் மாதத்தில் சாயங்கால அழுகை தாங்காமல் நான்தான் ரப்பர் நிப்பிள் வாங்கி வாயில் வைத்தேன். இப்போது அது இல்லாமல் தூங்குவதே இல்லை. தூங்கினாலும் அது வாயிலிருந்து விழுந்ததும் எழுந்து அழுகிறாள். ராத்திரியில் ஆறேழு தடவை செல்போன் வெளிச்சத்தில் தேடி எடுத்து வைக்கிறேன். 26 வாரப் பிரசவ விடுப்பும், அதோடு சேர்த்துப் போட்ட லீவும் அடுத்த மாதம் முடிகிறது. புதுச்சேரியில் வேலை, காலையில் ஏழரை மணிக்கே பஸ் பிடிக்க வேண்டும். மாமியார், "தூளி கட்டிப் போடு, சரியாகிவிடும்" என்கிறார். நிப்பிளை எப்படி நிறுத்துவது? அழவிட்டால் குழந்தையின் மனசு பாதிக்குமா?
ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: கடைசியாக ராத்திரியில் கரண்ட் போன நாளை நினைத்துப் பாருங்கள். மே மாதம், கடலூர்ப் புழுக்கம், நல்ல தூக்கம். ஃபேன் நின்று ஒரு நிமிடம்கூட ஆகாது, வீடே எழுந்து உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் எழுப்பவில்லை. தூங்கப் போகும்போது இருந்த காற்று நடுவில் காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு அந்த நிப்பிள்தான் ஃபேன்.

அவள் ராத்திரியில் விழிப்பதில் தப்பே இல்லை. இந்த வயதில் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக ஓடும். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது குழந்தை லேசாக மேலே வந்து, கையைக் காலை அசைத்து, ஒரு முனகல் முனகிவிட்டு மறுபடி அமிழும். பெரியவர்களும் இப்படித்தான் புரண்டு படுக்கிறோம். காலையில் ஞாபகம் இருப்பதில்லை. மேலே வரும் அந்த நேரத்தில் எல்லாம் முன்பு இருந்தபடியே இருந்தால் அவள் பாட்டுக்குத் தூங்கிவிடுவாள். வாயில் இருந்தது இல்லை என்றால், அதைத் திரும்பக் கொண்டுவர அவளுக்குத் தெரிந்த ஒரே வழி உங்களைக் கூப்பிடுவது. ஆகவே இரண்டு மணிக்கு நடக்கும் கூத்துக்கு வைத்தியம் எட்டு மணியில் இருக்கிறது. முதலில் கண்ணயரும்போது அவள் வாயில் எதுவும் இருக்கக்கூடாது. நடுராத்திரித் தொல்லை பெரும்பாலும் அதன் பின்னாலேயே குறைந்துவிடும்.

இதே காரணத்தால்தான் தூளியும் இங்கே விடை ஆகாது. தூளியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. உத்தரத்தில் புடவை தொங்க, கீழே பாயில் பாட்டி படுத்திருக்க, தூளியிலிருந்து வரும் கயிறு பாட்டியின் கால் கட்டைவிரலில் கட்டியிருக்கும். குழந்தை சிணுங்கினால் பாட்டி கண்ணைத் திறக்காமலே காலை ஆட்டுவார். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் நிப்பிளுக்குப் பதில் ஆட்டம் வரும், உங்கள் கைக்குப் பதில் மாமியாரின் கால் வரும். ஆட்டம் நின்றால் மறுபடி விழிப்புத்தான். அதோடு, தூளிக்குள் குழந்தையின் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும். அது மூச்சுக்கு நல்லதல்ல. உட்காரவும் பிடித்து எழவும் முயலும் 7 மாதக் குழந்தை தூளியிலிருந்து விழவும், துணியில் சிக்கவும் வாய்ப்பு உண்டு. மாமியாரிடம் இதையே சொல்லுங்கள்: "அத்தை, நீங்க சொல்றது புரியுது, ஆனா இப்ப இவ எழுந்து நிக்கப் பாக்கறா."

நிப்பிளையும் வில்லனாக்க வேண்டாம். நீங்கள் மூன்றாம் மாதத்தில் கொடுத்ததற்காகக் குற்ற உணர்ச்சியே வேண்டாம். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோவதை மருத்துவத்தில் திடீர்ச் சிசு மரணம் என்பார்கள். தூங்கும் நேரத்தில் நிப்பிள் வைத்த குழந்தைகளிடம் அந்த ஆபத்து குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. அதனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், தாய்ப்பால் நன்றாக ஊன்றிய பிறகு அதைக் கொடுக்கலாம் என்றே சொல்கிறது. விழுந்தால் எடுத்துத் திரும்ப வைக்கத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவை முதல் 6 மாதத்துக்குள் நடப்பவை. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். இனி நிப்பிளால் வரக்கூடியது காதில் சீழ், நடுக்காது தொற்று. இரண்டு மூன்று வயது வரை நீண்டால் பல் வரிசைக் கோணல். நிறுத்த இது நல்ல நேரம்தான். ஒன்று மட்டும்: கீழே விழாமல் இருக்கட்டும் என்று கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவதைப் பார்க்கிறேன். பகலானாலும் ராத்திரியானாலும் அது கூடவே கூடாது, கழுத்தை இறுக்கிவிடும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். சளி, காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், மாசிமகத்துக்கு தேவனாம்பட்டினம் போக வந்த சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கும் வாரம், எல்லாம் வேண்டாம். நீங்கள் வேலைக்குச் சேரும் வாரமும் வேண்டாம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, இந்த வாரமோ அடுத்த வாரமோ ஆரம்பித்துவிடுங்கள்.

பகல் கடைசித் தூக்கம் ஐந்து மணிக்குள் முடியட்டும். அதற்குப் பிறகு இரண்டரை, மூன்று மணி நேரம் விழித்திருந்தால் எட்டு மணி வாக்கில் தானாகவே கண்ணைக் கசக்குவாள். அந்த நேரத்தை விட்டால் களைப்பு முறுக்கிக்கொண்டு அழுகையாக மாறும். நம் வீடுகளில் அதை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அப்பாதான். ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து வந்து, தூங்கப்போன குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார். பாசம்தான், ஆனால் இரண்டு வாரத்துக்கு அந்த விளையாட்டைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹாலில் சீரியல் ஓடினால் ஓடட்டும், சத்தம் மட்டும் குறையட்டும்.

அப்புறம், தினமும் அதே வரிசை. வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைத்து, பருத்திச் சட்டை மாற்றி, விளக்கு எரியும்போதே வயிறு நிறையத் தாய்ப்பால். பால் குடித்தபடியே தூங்கவிடாதீர்கள்; அப்படித் தூங்கினால் நிப்பிள் இருந்த இடத்தை மார்பு பிடித்துக்கொள்ளும். பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு கால் மணி, இருபது நிமிட இடைவெளி விடுங்கள். தோளில் போட்டு ஏப்பம் வரவையுங்கள், விளக்கை அணையுங்கள், மடியில் வைத்து ஆராரோ பாடுங்கள். கண் சொக்கும், ஆனால் மூடியிருக்காது. பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டுப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். தாலாட்டு தூக்கத்தின் வாசல் வரைக்கும் போதும்.

படுக்கை என்றால் இளகாத, சமமான மெத்தை. தலையணை, உருளை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் கிட்டே வேண்டாம். உங்கள் பக்கத்திலேயே தரையில் அவளுக்குத் தனியாக ஒரு விரிப்பு போட்டால் போதும், தனி அறையெல்லாம் தேவையில்லை. கொசுவுக்கு வலை போடுங்கள். சுருள் புகை வேண்டாம். உள்ளங்கை சில்லென்று இருக்கிறதே என்று சாக்ஸும் குல்லாவும் மாட்டாதீர்கள். முதுகைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் அவளுக்கு வெக்கையாக இருக்கிறது என்று அர்த்தம்.

படுக்கப் போட்டதும் அழுவாள். வாய் நிப்பிளைத் தேடும், தலை இரண்டு பக்கமும் திரும்பும், கை காற்றில் துழாவும். ஒரு கையை அவள் நெஞ்சில் வையுங்கள். இன்னொரு கையால் தொடையில் தட்டுங்கள், உங்கள் மூச்சின் வேகத்துக்கு. தட்டுதல் மெல்ல மெல்லக் குறைந்து நின்று, கை மட்டும் நெஞ்சில் இருக்கட்டும். அழுகை உச்சத்துக்குப் போனால் தூக்குங்கள். அடங்கியதும், தூங்குவதற்கு முன், மறுபடி படுக்கப் போடுங்கள். முதல் நாள் இப்படிப் பத்துத் தடவை நடக்கலாம், முக்கால் மணி நேரம் ஓடலாம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முதல் நாளைவிட மோசமாக இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். பெரும்பாலானவர்கள் அந்த ராத்திரியில்தான் நிப்பிளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து குழந்தை கற்றுக்கொள்வது, "ஒரு மணி நேரம் அழுதால் கிடைக்கும்" என்பதைத்தான்.

நானும் அப்படிக் கொடுத்திருப்பேன், இருந்திருந்தால். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். மகனுக்கு 9 மாதம். ஜன்னல் கண்ணாடி உடைந்து அறையெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, தெருவில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. அந்த அமளியில் நிப்பிள் எங்கேயோ போய்விட்டது. வாங்கலாம் என்றால் கடை திறக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டினோம். முதல் ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதான். நாலாம் ராத்திரி கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். அதுவரை மற்ற அம்மாக்களுக்கு நான் எழுதிக் கொடுத்த அட்டவணைகள் அவ்வளவும் அந்த வாரம் எனக்கே கைகொடுக்கவில்லை. கடை மூடியிருந்ததுதான் கைகொடுத்தது.

நடுராத்திரியில் முனகல் கேட்டதும் பாய்ந்து தூக்காதீர்கள். ஒன்றிலிருந்து நூறு வரை மெதுவாக எண்ணுங்கள். பாதி நேரம் அது விழிப்பே இல்லை, தூக்கத்தில் போடும் சத்தம்; நாம் தூக்குவதால்தான் விழிக்கிறாள். உண்மையாகவே எழுந்து அழுதால், எட்டு மணிக்குச் செய்த அதே வைத்தியம்: கை, தட்டல், குறைந்த வெளிச்சம், பேச்சு இல்லை. கடைசியாகப் பால் குடித்து மூன்று நாலு மணி நேரம் ஆகியிருந்தால் பசியாக இருக்கலாம், கொடுத்துவிடுங்கள். 7 மாதத்தில் ராத்திரி ஒன்றிரண்டு தடவை பால் கேட்பது சாதாரணம்.

வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பகலில் நீங்கள் இல்லாமல், பீய்ச்சி வைத்த பாலைக் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, சில குழந்தைகள் நீங்கள் வீடு திரும்பியதும் ராத்திரி முழுக்கக் குடித்து அதை ஈடுகட்டும். நிப்பிள் பழக்கம் திரும்பி வந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை நிதானமாகப் பால் கொடுங்கள், அது நடுராத்திரிக் கணக்கைக் கொஞ்சம் குறைக்கும். ராத்திரிப் பாலை நிறுத்துவதை அந்த மாதத்தில் கையிலெடுக்க வேண்டாம்.

பகல் தூக்கத்தைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். தோளில் போட்டுத் தூங்க வைத்தாலும் சரி, கீழே கிடத்தித் தட்டினாலும் சரி. நிப்பிள் மட்டும் அங்கேயும் இல்லை. பாட்டி பகலில் ரகசியமாகக் கொடுத்தால் ராத்திரி நீங்கள் படும் பாடு வீண்.

மனசு பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் 7 மாத வயதில் தூக்கத் தொல்லை இருந்த 326 குழந்தைகளை 6 வயது வரை பின்தொடர்ந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதிப் பெற்றோருக்கு, அழுகைக்குப் பதில் சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுவது, பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விலகுவது போன்ற முறைகள் கற்றுக்கொடுக்கப்பட்டன. 6 வயதில் அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் மனநலத்திலோ, பெற்றோருடன் உள்ள ஒட்டுதலிலோ வித்தியாசம் இல்லை. நான் சொன்னது அதைவிட இளகிய முறை. அவள் அழுகிறாள், ஆனால் உங்கள் கை அவள் நெஞ்சில் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் வேறு யோசனைகளும் வரும். வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்வார்கள், வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்திருக்கிறோம், அதனாலேயே அது குழந்தை வாய்க்கு மருந்தாகிவிடாது. தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது, நரம்பைத் தாக்கும் விஷக்கிருமியின் வித்து அதில் இருக்கலாம். தூக்கம் வரட்டும் என்று சளி மருந்து கொடுப்பதோ மகா ஆபத்து. கண்ணுபட்டிருக்கும், திருஷ்டி கழி என்றால் தாராளமாகக் கழியுங்கள்; மிளகாய் எரிக்கும் புகை மட்டும் குழந்தை இருக்கும் அறைக்கு வரவேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ, முதலில் உங்கள் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்தல், பால் மறுத்தல், காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுதல், மலத்தில் ரத்தம், இதெல்லாம் தூக்கப் பழக்கத்தில் வரும் அழுகை அல்ல. விடியும் வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

ஆரம்பிக்கும் நாளன்று வீட்டில் இருக்கும் நிப்பிள் அத்தனையையும் குப்பையில் போட்டுவிடுங்கள். கைப்பையில் ஒன்று, கார் டேஷ்போர்டில் ஒன்று, பூஜை அலமாரி ஓரத்தில் ஒன்று என்று நிச்சயம் இருக்கும். "ஒன்று மட்டும் இருக்கட்டும்" என்று எடுத்து வைத்தால், இரண்டாம் ராத்திரி உங்கள் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். எங்கள் வீட்டில் தொலைந்தது மூன்று வாரம் கழித்து அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்தது. கழுவி அவன் கையில் கொடுத்துப் பார்த்தோம். தரையில் நாலு தடவை தட்டிவிட்டு, டிரம் பக்கமே உருட்டிவிட்டுத் தவழ்ந்து போய்விட்டான்.