லொக்கில் தெரியாத முகவரிகளிலிருந்து இணைப்பு முயற்சிகள் வருகின்றன, மெஷினை ஃபோர்மட் அடிக்கவா?

கொக்குவிலில் உள்ள உங்கள் ரியூசன் சென்டரின் உபுண்டு மெஷினின் லொக்கில், அதாவது நடப்பதை அது பதிந்துவைக்கும் கோப்பில், ‘யூஎஃப்டபிள்யூ பிளொக்’ என்று ஓயாமல் வரி விழுகிறது, இடைக்கிடை ‘ஃபெயில்ட் பாஸ்வேர்ட் ஃபோர் ரூட்’ என்றும் வருகிறது என்கிறீர்கள். ஃபோர்மட் அடிக்க வேண்டாம். அடித்தால் என்ன நடந்தது என்று அறிய இருக்கும் சாட்சியும் போய்விடும், அதே வரிகள் நாளைக்கும் வரும்.

யூஎஃப்டபிள்யூ என்பது உபுண்டுவின் ஃபயர்வோல், பிளொக் என்றால் அது மறித்துவிட்டது, உள்ளே விடவில்லை. நீங்கள் போட்டிருக்கும் வரிகளில் கனக்க 192.168.1.1 இலிருந்து 224.0.0.1 க்குப் போகின்றன, புரோட்டோ 2. அது உங்கள் ரவுட்டர்தான். மல்டிகாஸ்ட் (ஒரே தரவைப் பல மெஷினுக்குச் சேர்த்து அனுப்புவது) யாருக்கு வேண்டும் என்று ஐஜிஎம்பி மூலம், அதுதான் அந்தப் புரோட்டோ 2, எல்லா மெஷினிடமும் கேட்கிறது. வழமையான இடைவெளி 125 செக்கன், உங்கள் வரிகளும் இரண்டு நிமிசத்துக்குச் சற்றுக் கூடத்தான் விழுகின்றன. அப்புறம் வெளிநாட்டு முகவரி, எஸ்பிரி 443 என்று இருப்பவை. இதைக் கண்டுதான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 443 அனுப்பியவர் பக்கத்துப் போர்ட். அந்த வரியில் ஏசிகே, ஃபின், ஆர்எஸ்ரி என்று ஏதாவது (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் அடையாளங்கள்) இருந்தால், பெரும்பாலும் நீங்களே பிரவுசரில் திறந்த தளம் அனுப்பிய பதில், இணைப்பு மூடப்பட்ட பிறகு பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. புதிய இணைப்புக் கேட்கும் சின் மட்டும் இருந்தால்தான் அது புதிதாக உள்ளே வரப் பார்க்கிற ஆள்.

ரூட், அதாவது நிர்வாகிக் கணக்கின் பெயரில் வரும் வரிகள் அப்படியில்லை. 22ஆம் போர்ட் (தூரத்திலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் வாசல்) இணையத்துக்குத் திறந்திருந்தால், படலையைத் தட்டிப் பார்ப்பதுபோல் தானியங்கி புரோகிராம்கள் இரவு பகலாக வந்து தட்டும். 2013 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த இசெட்மேப் என்ற புரோகிராம், ஒரு கிகாபிட் லைனில் இணையத்தின் முழு ஐபிவி4 முகவரி வெளியையும் 45 நிமிசத்துக்குள் துழாவிவிடும், ஆகவே உங்களைக் குறிவைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் மெஷின் வெளியில் எப்படித் தெரிகிறது? வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு மெஷினுக்கு அனுப்பிவிடும் அமைப்புகளான போர்ட் ஃபோர்வர்டிங், டிஎம்இசெட் இரண்டையும் ரவுட்டரில் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் பார்க்கவென்று கமரா பூட்டுகிறோம், பூட்ட வருபவர் போர்ட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுவார், பாஸ்வேர்ட் பெட்டியில் வந்தபடியே கிடக்கும். 2016 இல் மிராய் என்ற கெட்ட புரோகிராம் இப்படிக் கிடந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் பெரிய பெரிய தளங்களை விழுத்தியது. ரூட் வரியில் வரும் முகவரியே 192.168 என்று தொடங்கினால், உங்கள் சென்டருக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் தட்டுகிறது, அதை முதலில் கழற்றுங்கள்.

உண்மையில் தேட வேண்டியது உள்நுழைவுகளைப் பதியும் ஓத் லொக்கில் ‘அக்செப்டட்’ (அனுமதிக்கப்பட்டது) என்று இருக்கும் வரிகளை. ஒவ்வொன்றும் நீங்கள் அல்லது உங்கள் ஆட்கள் உள்ளே வந்த நேரமா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே கேபிளைக் கழற்றி, லொக்கைப் பென்டிரைவில் எடுத்து, வேறொரு மெஷினிலிருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். அந்த நிலையில் மட்டும், லொக்கை எடுத்த பிறகு, ஃபோர்மட் அடிப்பது சரி.

அப்படி எதுவும் இல்லையென்றால் தேவையில்லாத போர்ட்டை ரவுட்டரில் மூடிவிடுங்கள். எஸ்எஸ்எச் வெளியிலிருந்து கட்டாயம் வேண்டுமென்றால் பாஸ்வேர்ட் லொகினை நிறுத்திக் கீ (பாஸ்வேர்ட்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) மட்டும் வையுங்கள், திரும்பத் திரும்பத் தவறும் முகவரியை மறிக்கும் ஃபெயில்2பான் போடுங்கள். போர்ட் இலக்கத்தை மாற்றினால் லொக்கில் விழும் வரிகள் குறையும், ஆனால் பாதுகாப்பு அதிகரிக்காது. பிறகும் விளங்காத வரி வந்தால் முழுதாக இங்கே போடுங்கள், உங்கள் பொது முகவரியை மட்டும் மறைத்துவிட்டு.